எஞ்சின் தீ மணி அடித்தால் முடிவெடுப்பது கணினியா, விமானியா?

எஞ்சினை நிறுத்துவது போன்ற ஆபத்தான சுவிட்சுகள் விமானியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கலாமா, கணினியிடமே விட்டுவிடலாமா? நான் விமானி பக்கம். விமானம் ஓட்டியவன் இல்லை. விபத்து விசாரணை அறிக்கைகளைத் தொடர்ந்து படித்ததில் வந்த முடிவு இது.

கணினி களைப்படையாது, பதறாது. தரையில் நிற்கும்போது வாலிலுள்ள துணை எஞ்சினில் தீப்பிடித்தால், அதைத் தானாகவே நிறுத்தும் ஏற்பாடு பல விமானங்களில் உண்டு. அங்கே அது சரி.

ஓடுபாதையை விட்டு எழும்போது இறக்கையிலுள்ள எஞ்சினுக்குத் தீ மணி அடித்தால் கதை வேறு. அந்த எஞ்சின் இன்னும் உந்துவிசை தந்துகொண்டிருக்கலாம். மணியே பொய்யாகவும் இருக்கலாம். அதனால் முதலில் உயரம், அப்புறம்தான் தீ. போயிங் 737-இல் தீக் கைப்பிடியை மேலே இழுத்தால் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளும் ஹைட்ராலிக் திரவமும் துண்டிக்கப்படும். பிறகு அதைத் திருப்பினால்தான் அணைப்பான் பாயும். இரண்டு தனி அசைவுகள், நடுவே யோசிக்க ஒரு கணம்.

என்னை முடிவெடுக்க வைத்தது சென்சார்தான். சென்சார் சொல்வதைத் தாண்டிக் கணினிக்கு எதுவும் தெரியாது. 2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த லயன் ஏர் 737 மேக்ஸில் ஒரே ஒரு சென்சார் தவறாகக் காட்டியது. அதை நம்பிய எம்காஸ் மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. விமானிகள், மூக்கின் சாய்வைச் சரிசெய்யும் டிரிம் மோட்டாரைத் துண்டிக்கும் கட்-அவுட் சுவிட்சுகளை அணைத்து, டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றி, பத்திரமாகத் தரையிறங்கினார்கள். மறுநாள் அதே விமானத்தில் வேறு குழு. அந்தச் சுவிட்சுகளை யாரும் தொடவில்லை. 189 பேர் இறந்தார்கள்.

ஆனாலும் சுவிட்ச் இருந்தால் மட்டும் போதாது. 2019 மார்ச்சில் விழுந்து நொறுங்கிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302-உம் 737 மேக்ஸ்தான். அதில் அந்தச் சுவிட்சுகளை அணைத்தும் பார்த்தார்கள். வேகம் மிதமிஞ்சிப் போயிருந்ததால் சக்கரத்தைக் கையால் சுற்றவே முடியவில்லை. கைக்குக் கொடுக்கும் கட்டுப்பாடு கைக்கு அடங்குவதாகவும் இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று 1989-இல் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் நடந்த விமான விபத்து. பழுதானது இடது எஞ்சின், விமானிகள் நிறுத்தியது வலது எஞ்சினை. 47 உயிர்கள் போயின. எனக்கு அது தெளிவான அளவிகளும் நல்ல பயிற்சியும் வேண்டும் என்பதற்கான காரணமாகத்தான் படுகிறது. நெம்புகோலைப் பிடுங்கிவிடுவதற்கான காரணமாக அல்ல.

ஏர்பஸ் முறையில் விமானி எவ்வளவு இழுத்தாலும் கணினி ஓர் எல்லையில் தடுத்துவிடும். இதில் என்னால் அழுத்திச் சொல்ல முடியவில்லை. தினமும் அதை ஓட்டுபவர்களின் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஆனால் 2008-இல் தவறான தரவை நம்பி ஒரு க்வாண்டாஸ் ஏ330-ஐ நடுவானில் இரண்டு முறை மூக்குக் குப்புறத் தள்ளியதும் அதே மாதிரியான பாதுகாப்புக் கணினிதான்.