பொது உரையா, கலாச்சார மாலையா, மதிய செமினாரா? என் கணக்கு கேள்வி நேரம்தான்

அடுத்த செமஸ்டர் நிகழ்ச்சி காலண்டரை டிபார்ட்மெண்ட் போர்டுல ஒட்டின அன்னைக்கே ஒரு ஜூனியர் பொண்ணு அதை போட்டோ எடுத்து அனுப்பிட்டு, "அக்கா, இதுல எதுக்கு போறது, எல்லாத்துக்கும் போக முடியாதுல்ல"ன்னு கேட்டா. பார்த்தா ஒரே வியாழக்கிழமைல மூணு மோதுது. சாயங்காலம் ஆறு மணிக்கு பெரிய ஆடிட்டோரியத்துல ரிட்டயர்டு தூதர் ஒருத்தரோட பொது உரை, அதே ஆறு மணிக்கு கீழ் ஹால்ல ஒரு நாட்டோட இசை நடன மாலை, அதுக்கு முன்னாடி மதியம் ஒண்ணரைக்கு மூணாவது மாடி ரூம்ல ஒரு செமினார். செமினார்ல பேச வர்றவங்க பேரை யாரும் கேள்விப்பட்டதே இல்ல. மதியம் போனா அன்னைக்கு மிச்ச வேலை இருக்கும், சாயங்காலத்தையும் சேர்த்து விட முடியாது, அதனால ஒண்ணைத்தான் எடுக்கணும்னு அவ கணக்கு.

நான் செமினார்னு சொன்னேன். அவ நம்பல. அதனால இந்த நீளமான பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், நான் நடுநிலை கிடையாது. இண்டர்நேஷனல் ஸ்டடீஸ்ல சேர்ந்த முதல் வருஷம் போஸ்டர்ல எவ்வளவு பெரிய பேர் இருக்கோ அவ்வளவு வேகமா ஓடினவ நான், முன் வரிசை சீட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போய் பை போட்டு இடம் பிடிச்சவ. இப்போ மூணாவது வருஷம், பெரிய உரைக்கு போறது ரொம்ப குறைஞ்சு போச்சு.

சுலபமான விஷயத்தையெல்லாம் சீக்கிரம் தாண்டிடலாம். மூணுக்கும் பெரும்பாலும் அனுமதி இலவசம். பெரிய உரைக்கு முன்பதிவு இருக்கும், செமினாருக்கு சும்மா போய் உக்காந்தா போதும். வெளியாட்களை கூட்டிட்டு போகணும்னா கலாச்சார நிகழ்ச்சிதான் சரி, வீட்டுக்காரங்களுக்கோ வேற டிபார்ட்மெண்ட் ஃப்ரெண்டுக்கோ போர் அடிக்காது. நாலு பேரை அறிமுகம் பண்ணிக்கணும்னா மூணுலயும் முடியும், யாரு கூச்சப்படாம பேசுறாங்களோ அவங்களுக்கு.

எனக்கு எல்லாத்தையும் தீர்மானிச்ச ஒரே விஷயம் கேள்வி நேரம். சிரிப்பா இருக்கலாம், ஆனா கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

பெரிய உரைன்னா ஒண்ணரை மணி நேரம் ஒதுக்குவாங்க. வரவேற்புரை பத்து நிமிஷம், பேச்சாளரோட பயோடேட்டாவை ஒருத்தர் வரி விடாம படிப்பார் அது ஒரு அஞ்சு, நாப்பது நிமிஷம்னு போட்ட பேச்சு எப்பவும் அம்பத்தஞ்சு ஓடும், கடைசில நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. மிச்சம் இருக்கிறது பன்னெண்டு நிமிஷம். அதுல மைக்கை தூக்கிட்டு ஒரு பையன் நடைபாதைல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவான், மைக் கிடைச்ச முதல் ஆள் கேள்வி கேக்க மாட்டார், "இது கேள்வி இல்ல, ஒரு கருத்து"ன்னு ஆரம்பிச்சு நாலு நிமிஷம் தன்னோட உரையை ஆத்துவார். உடனே மாடரேட்டர் வாட்சை பார்த்துட்டு "மூணு மூணு கேள்வியா சேர்த்து எடுத்துக்கலாம்"னு சொல்லுவார் பாருங்க, அங்கதான் கதை முடியுது. மூணு கேள்வியை சேர்த்து கொடுத்தா எந்த பேச்சாளரும் சுலபமானதை எடுத்து பதில் சொல்லிட்டு மத்த ரெண்டையும் நாசூக்கா விட்டுடுவார். இதை அவங்க தப்புன்னு சொல்ல மாட்டேன், முப்பது வருஷம் டிப்ளமேட்டா இருந்தவருக்கு அதுதானே தொழிலே.

எனக்கே நடந்தது. கடல் சட்டம், விதிகள் சார்ந்த உலக ஒழுங்குன்னு ஒரு முன்னாள் அதிகாரி அருமையா பேசினார், குரல் வேற கணீர்னு இருந்துச்சு. நான் கேட்டது இதுதான்: 2016 ஜூலை 12 அன்னைக்கு, தென் சீனக் கடல்ல யாருக்கு எந்த உரிமைன்னு சீனா மேல பிலிப்பைன்ஸ் போட்ட வழக்குல பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்பு வந்துச்சு, சீனா விசாரணைல கலந்துக்கவும் இல்ல தீர்ப்பை ஏத்துக்கவும் இல்ல, சரி, ஆனா அந்த தீர்ப்பை மதின்னு சத்தமா சொல்ற அமெரிக்காவே 1982 ஐநா கடல் சட்ட உடன்படிக்கைல இன்னும் சேரலையே, அப்போ "விதி"ன்னா யாரோட விதி? என் கேள்வியோட இன்னும் ரெண்டு கேள்வி சேர்ந்துச்சு. அதுல ஒண்ணு "உங்களை மாதிரி ஆகணும்னா மாணவர்கள் என்ன பண்ணணும்". அவர் எதுக்கு பதில் சொல்லியிருப்பார்னு நீங்களே யூகிச்சுக்கோங்க. எட்டு நிமிஷம் சொன்னார். கை தட்டல் வேற.

ரெண்டு வாரம் கழிச்சு அதே கடல் சட்டத்துல ஒரு மதிய செமினார். பேசினது ஒரு ஆராய்ச்சி மாணவி, பிஎச்டி கூட இன்னும் முடிக்கல. மொத்தம் பதினோரு பேர், புரொஜெக்டர் வேலை செய்யல, அவங்க லேப்டாப்பை திருப்பி வச்சு காமிச்சாங்க. இருபது நிமிஷம் பேசிட்டு நிறுத்திட்டாங்க, மிச்ச நேரமெல்லாம் கேள்விக்குத்தான். நான் அதே கேள்வியை போட்டேன். அவங்க ஒரு நொடி யோசிச்சுட்டு எழுந்து போய் போர்டுல மூணு வருஷத்தை எழுதினாங்க, 1982, 1983, 1994. ஆழ்கடல் தரைல கிடக்கிற தாதுக்களை யார் தோண்டலாம்ங்கிற பதினோராவது பகுதி பிடிக்காமத்தான் அமெரிக்கா 82ல கையெழுத்து போடல, ஆனா 83ல ரீகன் ஒரு அறிக்கை விட்டு, கடலை வழக்கமா பயன்படுத்துற விஷயத்துல இருக்கிற விதிகளை வழக்காற்றுச் சட்டமா, அதாவது கையெழுத்து போடாமலே நாடுகளோட வழக்கத்துல வந்த சட்டமா, எடுத்து நடந்துக்கறோம்னு சொல்லிட்டார், 94ல அந்த பதினோராவது பகுதியையே மாத்தி தனி ஒப்பந்தம் போட்டாங்க, அப்புறமும் செனட் ஒப்புதல் இன்னும் வரலன்னு வரிசையா சொன்னாங்க. சொல்லிட்டு, "ஆக உங்க கேள்வில பாதி சரி, உள்ளே சேராமலே விதியை பின்பத்தறது முடியும், ஆனா சேராதவங்களுக்கு அந்த மேடைல வாதாட இடம் கிடையாது"ன்னு முடிச்சாங்க. பாதி சரின்னு ஒருத்தர் முகத்துக்கு நேரா சொன்னது எனக்கு அந்த வருஷம் கிடைச்ச பெரிய பாடம்.

அதோட விடல. பின்னாடி உக்காந்திருந்த ஒரு பையன், வேற டிபார்ட்மெண்ட்னு நினைக்கிறேன், "அந்த வழக்குல வர்ற தீவுல குடிக்க தண்ணி இருக்கா"ன்னு கேட்டான். நாங்க சிரிச்சோம். அவங்க சிரிக்கல. அந்த வழக்கே அதுலதான் நிக்குதுன்னாங்க. தென் சீனக் கடல்ல இருக்கிற ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்துல இயற்கையா உருவானதுல பெருசு இட்டு அபா, இப்போ தைவான் கைல இருக்கு. அது தீவுன்னா சுத்தி 200 கடல் மைலுக்கு பொருளாதார உரிமை வரும், மனுஷன் தன் பலத்துல வாழ முடியாத பாறைன்னா 12 கடல் மைல்தான், இது அந்த கடல் சட்ட உடன்படிக்கையோட 121வது பிரிவு. தண்ணி இருந்துச்சு, கிணறு இருந்துச்சு, முன்னாடி மீனவங்களும் பறவை எச்சம் தோண்டி எடுக்க வந்தவங்களும் தங்கியிருக்காங்க. ஆனா வந்தவங்க யாரும் குடும்பமா நிலைச்சு வாழல, இப்போ இருக்கிற அதிகாரிங்களுக்கும் சாமான் வெளிய இருந்துதான் வருதுன்னு சொல்லி தீர்ப்பாயம் அதையும் பாறைனு முடிவு பண்ணிடுச்சு. ஒரு கிணத்துத் தண்ணிக்கு பின்னாடி இவ்வளவு பெரிய கடல் கிடக்குன்னு எந்த ஆடிட்டோரியத்துலயும் எனக்கு யாரும் சொல்லல.

இன்னொண்ணு, பெரிய உரையை பெரும்பாலும் ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போட்டுடுவாங்க. அதனால தவறவிட்டாலும் ஒண்ணும் குடி முழுகிடாது, ஒண்ணரை மடங்கு வேகத்துல ராத்திரி பார்த்துக்கலாம், பயோடேட்டாவை தள்ளியும் விட்டுக்கலாம். கேமரா இருக்குங்கிறதாலயே பேச்சாளரும் அளந்து பேசுவார். செமினார்ல கேமரா இல்ல, சில நேரம் சாத்தம் ஹவுஸ் ரூல்னு சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. லண்டன்ல இருக்கிற சாத்தம் ஹவுஸ்ங்கிற ஆய்வு மையத்துல 1927ல வந்த விதி அது. நிறைய பேர் அதை "வெளிய எதுவுமே சொல்லக்கூடாது"ன்னு தப்பா புரிஞ்சுக்கறாங்க. கேட்ட தகவலை தாராளமா பயன்படுத்தலாம், யார் சொன்னது, அவங்க எந்த அமைப்பு, கூட யார் இருந்ததுங்கிறதைத்தான் வெளிய விடக்கூடாது. அந்த ஒரு உறுதி கிடைச்சாலே மனுஷங்க வேற மாதிரி பேசறாங்க.

இப்போ கலாச்சார நிகழ்ச்சி. இங்க என் அனுபவம் கம்மி, மொத்தமா அஞ்சோ ஆறோ போயிருப்பேன், வெளிநாட்டு மொழி பேசிப் பழகுற வட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, கண்காட்சி பக்கம் போனதே இல்ல, அதனால இதை பாதி நம்பிக்கையோட படிங்க. கலாச்சாரம்னா பொழுதுபோக்கு, அரசியல் உரைதான் சீரியஸ்னு நினைக்கிற ஆள் நான் இல்ல. 1956ல அமெரிக்க வெளியுறவுத் துறை டிஸ்ஸி கில்லஸ்பியோட ஜாஸ் குழுவை அரசு செலவுலயே வெளிநாட்டு டூர் அனுப்பிச்சுது. அடுத்த வருஷமே அமெரிக்காவுல லிட்டில் ராக் ஊர் ஸ்கூல்ல கறுப்பின பிள்ளைங்களை உள்ள விடாம தடுத்தப்போ, கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் அரசு அனுப்ப இருந்த சோவியத் டூருக்கு போக மாட்டேன்னுட்டார். இதை விட கூர்மையான வெளியுறவு பாடம் எந்த டெக்ஸ்ட்புக்ல இருக்கு?

ஆனா யுனிவர்சிட்டி கலாச்சார மாலைல அந்தக் கூர்மை வர்றது கஷ்டம், காரணம் யார் செலவு பண்றாங்கங்கிறதுலயே இருக்கு. நிறைய நிகழ்ச்சிக்கு பின்னாடி தூதரகமோ அந்த நாட்டோட கலாச்சார மையமோ இருக்கும். பிரான்ஸோட அலியான்ஸ் பிரான்சேஸ் 1883ல வந்தது, பிரிட்டிஷ் கவுன்சில் 1934, ஜெர்மனியோட கொய்தே இன்ஸ்டிட்யூட் 1951, சீனாவோட கன்பூசியஸ் இன்ஸ்டிட்யூட் 2004. தன் நாட்டு மேல பிரியத்தை வளர்க்கிறதுதான் இவங்க வேலை, அமெரிக்க அறிஞர் ஜோசப் நை 1990ல இதுக்கு சாஃப்ட் பவர்னு, அதாவது மிரட்டாம ஈர்ப்பால காரியம் சாதிக்கிற பலம்னு, பேர் வைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே இது நடக்குது. அதுல தப்பில்ல. ஆனா விருந்துக்கு கூப்பிட்டவங்க கிட்ட போய் உங்க வீட்டு சண்டை என்னாச்சுன்னு எப்படி கேக்கறது? நான் ஒரு தடவை பாட்டு முடிஞ்சதும் பாடினவர் கிட்ட, இந்த மொழி உங்க ஊர் ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்களான்னு கேட்டேன், வெறும் ஆர்வத்துல. அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், பக்கத்துல நின்ன அமைப்பாளர் சிரிச்சுக்கிட்டே "போட்டோ எடுத்துக்கலாமா"ன்னு நடுவுல வந்துட்டாங்க. அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. சொல்ல ஏதோ இருந்துச்சு அவர்கிட்ட.

இதுல ஒரு விதிவிலக்கு, படம் போட்டு பின்னாடி விவாதம் வைக்கிறது. பிரான்ஸை எதிர்த்து அல்ஜீரியா நடத்தின விடுதலைப் போரை பத்தி 1966ல வந்த 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தை 2003ல ஈராக் போர் சமயத்துல அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன்லயே அதிகாரிங்களுக்கு போட்டுக் காமிச்சாங்க, அந்தளவுக்கு ஒரு படம் கேள்வியை கிளப்பும். பேச்சாளர் இல்ல, பாதுகாக்க வேண்டிய பதவி இல்ல, லைட்டு போட்டதும் எல்லாரும் ஒரே படத்தை பார்த்தவங்க, எனக்கும் உங்களுக்கும் சமமான உரிமை. அந்த மாதிரி காலண்டர்ல இருந்தா செமினாரையும் தள்ளி வச்சுட்டு போகலாம். படத்துக்கு அப்புறம் விவாதம்னு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க, வெறும் திரையிடல்னா வீட்டுலயே பார்த்துக்கலாம்.

போஸ்டரை படிச்சே பாதி கண்டுபிடிச்சிடலாம்கிறது மூணு வருஷத்துல நான் கத்துக்கிட்ட இன்னொரு விஷயம். "இன்னாருடன் ஓர் உரையாடல்"னு இருந்தா கேள்வியை மாடரேட்டர் முன்னாடியே தயார் பண்ணி வச்சிருப்பார். பதிவு பண்ணும்போதே கேள்வியை எழுதி அனுப்புங்கன்னா வடிகட்டப் போறாங்கன்னு அர்த்தம். "சிறப்பு விருந்தினர்கள்" லிஸ்ட் நாலு வரிக்கு மேல போனா பேச்சு நேரம் சுருங்கும். மாறா "எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை", "கட்டுரையை முன்கூட்டியே படித்து வரவும்"னு சின்ன எழுத்துல இருந்தா கண்ணை மூடிட்டு போங்க. முடிக்காத கட்டுரையோட வர்றவங்களுக்கு உங்க கேள்வி உண்மையிலேயே தேவைப்படுது.

செமினாருக்கும் குறை இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். நாலு தடவைல ஒரு தடவை வறட்சியா இருக்கும், டேட்டா டேபிளை அப்படியே படிச்சு உயிரை வாங்குவாங்க. பதினோரு பேர் இருக்கிற ரூம்ல பாதில எழுந்து போகவும் முடியாது, கொட்டாவி விட்டாலும் தெரியும். முன்னாடியே படிக்காம போனா முதல் கால் மணி நேரம் தலையும் புரியாது வாலும் புரியாது. புதுசா சேர்ந்த பசங்களுக்கு முதல் ரெண்டு மாசம் பெரிய உரைதான் நல்லதுன்னு கூட சொல்லுவேன், எந்தெந்த விஷயம் உலகத்துல ஓடுதுன்னு ஒரு வரைபடம் மாதிரி கிடைக்கும். வேற டிபார்ட்மெண்ட்ல எல்லாம் செமினார் இப்படித்தான் நடக்குமான்னு எனக்கு சொல்ல வராது, நான் பார்த்தது எங்களுது மட்டும்தான்.

ஜூனியர் கடைசியா என்ன முடிவு பண்ணான்னா, தூதர் உரையை ரெக்கார்டிங்ல பார்த்துக்கறேன், மதியம் உங்க கூட வரேன்னா. இப்போ வம்பு எனக்கு. செமினாருக்கு கட்டுரை அனுப்பிட்டாங்க, முப்பத்தெட்டு பக்கம், அவ ரெண்டு நாள்ல படிச்சு முடிச்சு ஓரத்துல எல்லாம் கேள்வி எழுதி வச்சிருக்கா, நான் இன்னும் அஞ்சாவது பக்கத்துலதான் நிக்கறேன்.