பல்லிடுக்கில் ஓடும் நூல்: நாலு வருட அனுபவம்

கூழன் சக்கை, அதாவது குழைவான பலாப்பழம், தின்ற ராத்திரி பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்டால், தென்னை ஈர்க்கில் ஒன்றை ஒடித்துக் குத்தி எடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். 2021 வரைக்கும் நானும் அதைத்தான் செய்தேன். அந்த வருடம் ஈர்க்கில் குத்திய இடம் வீங்கி, சோறு மெல்லும்போதே ரத்தம் கசிய ஆரம்பித்ததும் நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரிடம் போனேன்.

"ரெண்டு வேளையும் தேய்க்கிறேனே டாக்டர்" என்றேன். அவர் மறுக்கவில்லை. "பிரஷ் பல்லுக்கு முன்பக்கம் போகும், பின்பக்கம் போகும், மேலே போகும். ரெண்டு பல்லு ஒட்டி நிக்கிற பக்கத்துக்கு எப்படிம்மா போகும்?" என்று கேட்டார். பல்லிடுக்கைத் துடைக்கும் ஃபிளாஸ் என்ற நூலை ஒரு முழம் இழுத்து, என் கீழ்க்கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு நடுவே விட்டு எடுத்துக் காட்டினார். நூலில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, ஓரத்தில் ரத்தம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனதும் தலையைத் திருப்பிக்கொண்டேன். மீன் கழுவிய தண்ணீரை ராத்திரி முழுக்க மூடி வைத்தால் வருமே, அந்த வாடை. காலையில் பல் தேய்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அந்த வெள்ளை முழுக்க உணவுத்துணுக்கு இல்லை. பெரும்பகுதி கிருமிகள் கூடிக் கட்டிய படலம். நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் அவை அமிலமாக்கும். அதில்தான் பல் அரிக்கிறது. படலத்தை அப்படியே விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகும். காரை பிடித்துவிட்டால் எந்த பிரஷாலும் போகாது, கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் மென்றதும் பசை மாதிரி இடுக்கில் அப்பிக்கொள்ளும். எங்கள் மாவட்டத்துச் சாப்பாட்டுக்கு இந்த நூல் ரொம்பவே தேவை என்று எனக்குப் படுகிறது.

அன்றே காரை எடுத்துவிட்டு, மெழுகு பூசிய நைலான் ஃபிளாஸ் ஒன்று வாங்கி வந்தேன். முதல் வாரம் தினமும் ரத்தம். பயந்து இரண்டு நாள் விட்டுவிட்டேன். டாக்டரிடம் போன் செய்து கேட்டபோது, ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது, அழுக்கு போனால் அதுவே நிற்கும், நிறுத்தாதீர்கள் என்றார். பத்தாம் நாள் நூல் வெள்ளையாகவே வெளியே வந்தது. உங்களுக்கு இரண்டு வாரம் தாண்டியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் கட்டாயம் போய்க் காட்டுங்கள்.

பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. சுமார் 45 சென்டிமீட்டர் நூல் எடுத்து, இரண்டு நடுவிரல்களிலும் சுற்றி, நடுவில் ஓர் அங்குலம் மட்டும் விட்டுப் பிடிக்க வேண்டும். சடக்கென்று அழுத்தி இறக்கினால் ஈறை அறுத்துவிடும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து இறக்குங்கள். இறங்கியதும் நூலை ஒரு பல்லோடு வளைத்து அணைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுபோய் மேலும் கீழும் துடைக்க வேண்டும். அப்புறம் அதே இடுக்கில் பக்கத்துப் பல். இந்தத் துடைப்புதான் முக்கியம். நூலை விட்டுச் சும்மா எடுத்தால் சக்கை நார் வரும், படலம் வராது. 50 மீட்டர் சுருள் எனக்கு மூன்றரை மாதம் வருகிறது. பிரஷையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதால் இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுகிறேன்.

இரண்டாம் வருடம் ஒரே ஒரு இடுக்கில் மட்டும் நூல் தினமும் பிய்ந்து வந்தது. நூல் சரியில்லை என்று நினைத்து வேறொன்று மாற்றினேன், அதுவும் பிய்ந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது, முன்பு வேறொரு கிளினிக்கில் அடைத்த பல்லின் ஓரம் சொரசொரப்பாக இருந்ததும், அடியில் சொத்தை தொடங்கியிருந்ததும் தெரிந்தது. வலி வருவதற்கு முன்பே திரும்ப அடைத்ததால் வேர் சிகிச்சை வரைக்கும் போகவில்லை. நூல் காட்டிக்கொடுத்திருக்காவிட்டால் அந்தப் பல்லே போயிருக்கும்.

ஃபிளாஸ் எல்லோருக்கும் ஒத்துவராது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, விரலும் நடுங்கும். "மக்களே, இந்த நூலு வேல எனக்கு ஒக்காது" என்று சொல்லிவிட்டார். பல வருடம் உமிக்கரியால் அழுத்தித் தேய்த்ததில் பற்கள் ஈறோரம் தேய்ந்து கூசும். ஈறும் இறங்கி இடுக்கு அகன்றுவிட்டது. அகன்ற இடுக்குக்கு, குப்பி கழுவும் பிரஷைப் போலக் குட்டியாக இருக்கும் பல்லிடுக்கு பிரஷ்தான் நல்லது. அதை வாங்கிக் கொடுத்தேன், தினமும் செய்கிறார். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். அதனால் அம்மா விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கைப்பிடி வைத்த ஃபிளாஸ் பிக் மகனுக்கு வாங்கினேன். பயணத்துக்குச் சரி, ஆனால் நூல் விறைப்பாக இருப்பதால் பல்லோடு நன்றாக வளையாது.

நூல் இருக்கிறது என்று பிரஷ் செய்வதைக் குறைக்கவும் முடியாது. மென்மையான பிரஷை ஈறோரம் சாய்த்துப் பிடித்து, இரண்டு வேளையும் இரண்டு நிமிடம் தேய்க்கிறேன். பல்லை உறுதியாக்கும் ஃபுளூரைடு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையாத பேஸ்ட்தான் வாங்குகிறேன். ராத்திரி நூல் முதலில், பிரஷ் பிறகு. நுரையைத் துப்பியதோடு சரி, தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதை விட்டுவிட்டேன், ஃபுளூரைடு பல்லில் தங்கட்டும் என்று. நாக்கு வழிக்க மட்டும் இன்றைக்கும் பச்சை ஈர்க்கிலைக் கீறித்தான் எடுக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். போன தடவை காரை கீழ் முன்பற்களின் உள்பக்கம் மட்டும்தான் இருந்தது. கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்துக்கு இன்னும் எனக்குக் கை சரியாக எட்டுவதில்லை. அதற்கென்று ஒற்றைக் குச்சம் வைத்த பிரஷ் ஒன்றை டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்றுதான் வாங்கினேன், ஒரு வருடம் பயன்படுத்திவிட்டு அதைப் பற்றி எழுதுகிறேன்.