ஜந்தர் மந்தர்: டெல்லியா, ஜெய்ப்பூரா?

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று ஒரு சுற்று போகிறவர்களுக்கு வரும் சந்தேகம்தான். இரண்டு ஊரிலும் ஜந்தர் மந்தர் என்ற பழைய திறந்தவெளி வானாய்வுக் கூடம் இருக்கிறது, இரண்டையும் கட்டியது ஒரே ராஜா, இரண்டாம் சவாய் ஜெய் சிங். ஒன்றைப் பார்த்தால் போதாதா? போதும், ஆனால் அது ஜெய்ப்பூராக இருக்கட்டும். கிறிஸ்துமஸ் லீவில் குடும்பத்தோடு இரண்டுக்கும் போய்வந்த பிறகு சொல்கிறேன்.

டெல்லியில் வசதி அதிகம். கன்னாட் பிளேஸ் பக்கத்திலேயே இருக்கிறது, மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். பல கருவிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய மிஸ்ர யந்திரம் அங்கே மட்டும்தான் உண்டு. 2017இல் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்த ரோடு அதுதான் என்றதும் அப்பா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஆனால் சூரியக் கடிகாரம் என்றால் மணி பார்க்க வேண்டாமா? டெல்லியில் அளவுக்கோடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, சுற்றிலும் உயரமான கட்டடங்கள் வேறு. போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான்.

ஜெய்ப்பூரில் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் வளைவில் கோடுகள் தெளிவாக இருக்கின்றன. நிழல் மணிக்குச் சுமார் 4 மீட்டர் நகர்கிறது, அதாவது வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர். நின்று பார்த்தால் கண்ணெதிரே ஊர்கிறது. மொபைலில் 11 மணி, நிழலில் 10.33. "இது ஸ்லோப்பா" என்றான் பையன். ஸ்லோ இல்லை. நம் இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஏறக்குறைய 6.7 பாகை தள்ளி இருக்கிறது, பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 27 நிமிடம் சரியாக வந்துவிடும். டிசம்பர் கடைசியில் போனதால் கணக்கு இவ்வளவு சுலபம். மற்ற மாதங்களில் சூரியனே சில நிமிடங்கள் முன்பின்னாக ஓடும், அதையும் சேர்க்க வேண்டும்.

2 வினாடி வரை துல்லியம் என்று கைடுகள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். நிழலின் ஓரம் மங்கலாகத்தான் விழுகிறது, எனக்கு அரை நிமிடம்கூடப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன சாம்ராட் 20 வினாடிக் கணக்குதான் காட்டும், ஆனால் படிக்க அதுவே சுலபம்.

கோடையில் எப்படி என்று தெரியாது, அங்கே நிழலுக்கு ஒதுங்க அதிக இடம் இல்லை என்பதை மட்டும் கவனித்தேன். காலையில் வானம் மூடியிருந்தால் முதலில் பக்கத்து ஹவா மகாலுக்குப் போய்விட்டு, வெயில் வந்த பிறகு உள்ளே நுழையுங்கள்.