உளவியல் பட்டம் படிக்க விரும்பும் எல்லையோர மாணவருக்குப் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் கோபாலபுரத்திலும், பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பிளஸ் ஒன்னுக்கு இரண்டு திசைகளில் பிரிகிறார்கள். சிலர் கேரளத்தின் ஒற்றைச் சாளர இணையச் சேர்க்கை முறையான ஏகஜாலகத்தில் விண்ணப்பித்து இங்கேயே தொடர்கிறார்கள். சிலர் பேருந்தேறிப் பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளிகளில் சேர்கிறார்கள். இவர்களில் பி.எஸ்சி. உளவியலை மனத்தில் வைத்திருப்பவர் எந்தப் பாடங்களை எடுத்தால் விண்ணப்பம் வலுப்பெறும் என்று பெற்றோர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார்கள். மூன்று வழிகளை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தயக்கத்தை நீக்கிவிட வேண்டும். பள்ளியில் உளவியலைப் பாடமாக எடுக்காதவருக்குக் கல்லூரியில் உளவியல் கிடைக்காது என்பது உண்மையன்று. இரு மாநிலங்களிலும் பெரும்பாலான கல்லூரிகள் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரையும் ஏற்கின்றன. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் வழக்கமான குரூப்புகளில் உளவியல் என்ற பாடமே இல்லை. அப்படியிருந்தும் அந்தக் குரூப்புகளில் படித்தவர்களைக் கொண்டே கோயம்புத்தூரிலும் சென்னையிலும் உளவியல் வகுப்புகள் நிரம்புகின்றன. ஆகவே, சேர்க்கையில் எந்தப் பாடம் மதிப்பெண்ணைக் காக்கும், சேர்ந்த பின் முதலாண்டில் எது கைகொடுக்கும் என்ற இரண்டு அளவுகோல்களே தேவை.

அறிவியல் பிரிவு, அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகியவற்றைக் கொண்ட தொகுப்பு, இரண்டாவது அளவுகோலில் முந்துகிறது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பழைய மூன்றாண்டு பி.எஸ்சி. உளவியலில் துணைப்பாடங்களாக இருந்தவை மனித உடலியங்கியலும் புள்ளியியலும்தான். 2024இல் கேரளம் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறிய பிறகும் மூளை, நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய அறிவு இல்லாமல் இத்துறையில் ஓரடியும் நகர முடியாது. பிளஸ் ஒன் உயிரியலில் நரம்பு மண்டலத்தையும் ஹார்மோன்களையும் ஊன்றிப் படித்தவருக்குக் கல்லூரிப் பாடம் பழகிய தெருவாக இருக்கும்.

ஆனால் முதல் அளவுகோலில் இதே பிரிவு பலரைக் கீழே தள்ளிவிடுகிறது. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், மொழி இலக்கியப் பட்டங்கள் நீங்கலாக, தரவரிசை தயாரிக்கப்படுவது மொழிப்பாடங்களை விடுத்த நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டே. அந்த நானூறில் இருநூறு இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் போய்விடுகிறது. இவ்விரண்டிலும் உளவியலுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி மிகக் குறைவு. ஆர்வமின்றி அவற்றைச் சுமந்து அறுபது, எழுபது என்று வாங்கும் மாணவர், கலைப்பிரிவில் தொண்ணூறுகளை வாங்கியவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். 'சயின்ஸ் எடுத்தால் எந்தக் கதவும் மூடாது' என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

இரண்டாவது வழி கேரளத்தின் ஹியூமானிட்டிஸ் எனப்படும் கலைப்பிரிவு. இங்கே உளவியல் இடம்பெறும் தொகுப்புகள் பல இருப்பது எல்லைக்கு இப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. கவனம், கற்றல், நினைவு, ஆளுமை, மனநலக் கோளாறுகள் ஆகியவற்றைப் பதினாறு, பதினேழு வயதிலேயே படித்துப் பார்க்கும்போது, தனக்குப் பிடித்தது இந்தத் துறையா, அல்லது பிறர் மனத்தை அறிந்துவிடலாம் என்ற கற்பனையா என்பது மாணவருக்கே விளங்கிவிடும். கல்லூரியில் வீணாகும் ஆண்டுகளைத் தவிர்க்கும் இந்தத் தெளிவை நான் மதிப்பெண்ணுக்கும் மேலாகக் கருதுகிறேன்.

எனினும் உளவியலோடு சேரும் மற்றப் பாடங்களைப் பார்த்தே தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உளவியலோடு சமூகவியலும் சமூகப்பணியும் சேர்ந்த தொகுப்பு படிக்க இனிமையானது. ஆனால் எண்களோடு பழக்கம் விட்டுப்போகும். வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், உளவியல் என்ற தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். காரணம், பிளஸ் ஒன் பொருளியலின் ஒரு பாதி முழுவதும் புள்ளியியல்: சராசரி, இடைநிலை, இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு எல்லாம் அதில் வருகின்றன. ஸ்பியர்மேனின் தர ஒட்டுறவும் அங்கேயே இருக்கிறது. சார்லஸ் ஸ்பியர்மேன் ஓர் உளவியலாளர். பள்ளிப் பிள்ளைகள் வெவ்வேறு பாடங்களில் பெற்ற நிலைகளுக்கிடையே உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டுத்தான் 1904இல் பொது நுண்ணறிவு என்ற கருத்தை முன்வைத்தார். பொருளியல் வகுப்பில் அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பழகும் மாணவர், தாம் அறியாமலே உளவியலின் அடிப்படைக் கருவி ஒன்றைக் கையாளப் பழகுகிறார்.

வணிகவியல் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கணக்குப்பதிவியல், வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவற்றோடு நான்காவதாகப் புள்ளியியலை எடுத்தால் நிறுவன உளவியல் பக்கம் போக நினைப்பவருக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு இதில் உயிரியலும் இல்லை, உளவியலும் இல்லை.

மொழியையும் கணக்கில் கொள்ள வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் பிளஸ் டூவைத் தமிழ் வழியிலேயே முடிக்கலாம். அது பாடம் புரிவதற்குப் பெரும் துணை. ஆனால் உளவியல் பட்ட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. கேரளத்தில் ஆங்கிலத்தில் பாடங்களைப் படித்துக்கொண்டே, இரண்டாம் மொழியாகத் தமிழைத் தக்கவைத்துக்கொள்ள இடமுண்டு. பின்னாளில் எல்லையோர மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஆலோசகராக அமரும்போது, எதிரே இருப்பவரின் துயரைத் தமிழிலும் மலையாளத்திலும் கேட்கத் தெரிந்தவருக்கு ஈடில்லை.

மத்தியப் பல்கலைக்கழகங்களை விரும்புபவருக்கு, 2022இல் தொடங்கிய க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத்தேர்வில் உளவியலும் ஒரு பாடம் என்பதால், ஹியூமானிட்டிஸ் வழி கூடுதல் அனுகூலம் தரும். ஆயினும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தப் பாடச் சேர்க்கையைக் கேட்கிறது என்பதை அவ்வாண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கா மகள் இதே ஐயத்தோடு வந்தபோது, பத்தாம் வகுப்பு இயற்பியலை அவள் விரும்பிப் படித்தாளா, தேர்வுக்காக மனப்பாடம் செய்தாளா என்று மட்டும் கேட்டேன். மனப்பாடம் என்றாள். அவளுக்குப் பொருளியலும் உளவியலும் சேர்ந்த தொகுப்பையே முதல் விருப்பமாகப் பதிந்தோம்; பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்திலிருந்து நரம்பு மண்டலப் பாடத்தை மட்டும் விடுமுறையில் என்னோடு உட்கார்ந்து படிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.