பள்ளிக் காட்டுக்கு ஆசிரியர்களைச் சேர்ப்பது எப்படி: பயிலரங்கா, சான்றிதழா, மாநாடா, பக்கத்துப் பள்ளிக் குழுவா?

பள்ளிக்கென்று ஒரு காடு இருந்தும், அதற்குள் தொடர்ந்து போய்வருவது ஒரே ஒரு ஆசிரியர்தான் என்ற நிலை பல இடங்களில் உண்டு. பாதையை ஒழுங்குபடுத்தியவர் அவர், எந்த மரத்தடியில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று தெரிந்தவரும் அவர். அவருக்கு மாற்றல் வந்துவிட்டால் அடுத்த வருடம் காட்டில் வகுப்பு கிடையாது. நிலம் பள்ளியின் பெயரில்தான் இருக்கும், மரங்களும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பிள்ளைகள் மட்டும் போக மாட்டார்கள்.

ஆக, தேவை இன்னும் நாலு ஆசிரியர்கள். அவர்களைச் சேர்க்க நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன: ஒருநாள் பயிலரங்கு, நீண்ட சான்றிதழ்ப் படிப்பு, ஆண்டுக் கூட்டம், பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த சிறு குழு. நான்கையும் ஒரே கேள்வியால் அளக்கப் பார்க்கிறேன். வந்துபோன ஆசிரியர் மூன்று மாதம் கழித்து, யாரும் சொல்லாமலே, தன் வகுப்பைத் தானே காட்டுக்குக் கூட்டிப்போகிறாரா? எத்தனை பேர் வந்தார்கள், கருத்துப் படிவத்தில் எத்தனை பேர் ‘மிக நன்று’ போட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

முதலில், ஒரு ஆசிரியர் ஏன் போதாது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிகள் காட்டு நிலம் வைத்துக்கொள்ள 1927இல் சட்டம் வந்தது. அங்கிருந்த வேளாண் கல்லூரியின் தலைவர் ஹாரி ரஸ்ஸல் ஆஸ்திரேலியா போயிருந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் பொது நிலத்தில் மரம் நடுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன யோசனை அது. 1928இல் லயோனா, க்ராண்டன், வபீனோ ஆகிய ஊர்களின் பள்ளிகள் தொடங்கிவைத்தன. வடக்கு விஸ்கான்சினில் மரம் வெட்டித் தீர்த்துவிட்டுப் போன நிலம் நிறையக் கிடந்த காலம். நடுவதுதான் பெரிய வேலை. அதற்கு ஆர்வமுள்ள ஒருவர் இருந்தால் காரியம் நடந்துவிடும். இன்று பள்ளிக் காட்டிடம் எதிர்பார்ப்பது வேறு: கணக்கு, மொழி, வரலாறு, ஓவியம் எல்லாமே அங்கே நடக்க வேண்டும் என்கிறோம். அத்தனையையும் ஒரு உயிரியல் ஆசிரியர் தலையில் கட்ட முடியாது.

சரி, மற்ற ஆசிரியர்கள் ஏன் வருவதில்லை? பிரிட்டனில் 2004இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, வெளிக்களக் கற்றல் பற்றிய 150 ஆய்வுகளை அலசி, தடைகளாக முன்வைத்தவற்றில் நான்கு இங்கே முக்கியம்: பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய பயம், ஆசிரியருக்குத் தன் மேலேயே நம்பிக்கைக் குறைவு, பாடத்திட்ட நெருக்கடி, நேரமும் வசதியும் போதாமை. ஆர்வமின்மை பெரிய தடை அல்ல என்பதைக் கவனியுங்கள். நான் பார்த்த அழைப்பிதழ்கள் பலவும் ஆர்வத்தைத் தூண்டுவதற்கென்றே எழுதப்பட்டிருக்கின்றன.

ஒருநாள் பயிலரங்கு

இதற்கு நல்ல முன்மாதிரி ‘ப்ராஜெக்ட் லேர்னிங் ட்ரீ’. 1976இலிருந்து அமெரிக்காவில் நடந்துவருகிறது. ஆசிரியர்கள் மாணவர்களாக மாறி, செயல்பாடுகளைத் தாங்களே செய்துபார்ப்பார்கள். அதில் ஒன்று: ஒவ்வொருவரும் ஒரு மரம். ஆளுக்கொரு வட்டத் தாளின் மேல் நிற்க வேண்டும், காலை எடுக்காமல் சுற்றிலும் சிதறிக் கிடக்கும் வண்ண அட்டைகளைப் பொறுக்க வேண்டும். ஒரு நிறம் தண்ணீர், ஒரு நிறம் வெயில், ஒரு நிறம் மண்ணின் சத்து. நெருக்கமாக நின்றால் ஒருவருக்கும் போதுமானது கிடைக்காது, தள்ளி நின்றால் கிடைக்கும். பத்து நிமிடத்தில் போட்டியும் இடைவெளியும் புரிந்துவிடும். விரிவுரை கேட்டுக் கேட்டுச் சலித்த ஆசிரியருக்கு இது பெரிய ஆறுதல். செலவும் குறைவு, ஒரே நாளில் முப்பது பேரைத் தொடலாம்.

என் கேள்விக்கு மட்டும் இது பாதி பதில்தான் தருகிறது. பயிலரங்கு நடப்பது வேறொருவரின் காட்டில், முப்பது பெரியவர்களோடு, கருத்தாளர் பக்கத்தில் இருக்க. திரும்பிப் போனபின் ஆசிரியர் நிற்பது தன் பள்ளியின் காட்டில், நாற்பது பிள்ளைகளோடு, தனியாக. நம்பிக்கைக் குறைவு என்ற தடையை அந்த ஒருநாள் கொஞ்சம் தளர்த்தும். பாடத்திட்டம், நேரம் இரண்டையும் அது தொடுவதே இல்லை.

பொதுவாகவே குறுகிய பயிற்சிகளின் கதை இப்படித்தான். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மதிப்பாய்வு, ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்து, தரம் தேறிய 9ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகளால் மாணவர் தேர்ச்சியில் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை, அதற்கு மேல் நீண்டவற்றில் தெரிந்தது. அவை கணக்கு, அறிவியல், வாசிப்பு பற்றிய ஆய்வுகள், காடு பற்றியவை அல்ல. ஆனாலும் காட்டுக்கு மட்டும் ஒரு நாள் போதும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சான்றிதழ்ப் படிப்பு

இதில் பிரிட்டனின் வனப்பள்ளி இயக்கத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1993இல் டென்மார்க் போய், சிறு பிள்ளைகள் நாள் முழுக்க வெளியில் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியது. 2012இல் வனப்பள்ளிச் சங்கம் உருவானது. இந்த இயக்கத்தினர் வகுத்த ஆறு கொள்கைகளில் ஒன்று, தகுதி பெற்ற ஒருவரே இதை நடத்த வேண்டும் என்பது. ‘மூன்றாம் நிலை’ சான்றிதழ்தான் அந்தத் தகுதி. சில நாள் பயிற்சியோடு முடியாது. தன் பிள்ளைகளோடு அமர்வுகளை நடத்திக் காட்டி, கையேடு தயாரித்து, எழுத்து வேலைகளையும் முடிக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும்.

பாதுகாப்பு பற்றிய பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. தீ மூட்டுவது, கத்தி, ரம்பம் கையாள்வது, காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் முறையாகக் கற்கிறார்கள். ஆபத்தை மட்டும் பட்டியல் போடாமல், அதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எடைபோடும் பழக்கம் வருகிறது. ஒரு தலைமையாசிரியர் தைரியமாகக் கையெழுத்துப் போட இது பெரிய காரணம்.

இரண்டு இடங்களில் இது இடிக்கிறது. முதலாவது, வனப்பள்ளியின் நோக்கம் பிள்ளை தன் விருப்பப்படி தேடி, விளையாடி வளர்வது. எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்கு வேண்டியது அது அல்ல. மரத்தின் நிழலையும் ஒரு குச்சியின் நிழலையும் அளந்து, ஒத்த முக்கோணங்களைக் கொண்டு மரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கவைக்க வேண்டும் அவருக்கு. இரண்டுமே நல்லவைதான், ஆனால் ஒன்றுக்கான பயிற்சி மற்றொன்றுக்கு ஆகாது. டென்மார்க்கிலேயே பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ‘ஊடஸ்கோலே’ என்று தனியாக ஒரு முறை இருக்கிறது: வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை வழக்கமான பாடங்களையே வெளியில் நடத்துவது. பள்ளிக் காடுகளுக்கு அதுதான் நெருக்கம் என்பேன்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒருவர் சான்றிதழ் வாங்கி வந்ததும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ‘அவர்தான் படித்தவர், அவரே கூட்டிப்போகட்டும்’ என்று பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஓய்வறைக்குப் போய்விடுவார்கள். ஒற்றை ஆசிரியர் சிக்கலைத் தீர்க்கப் போய், அதற்கே சான்றிதழ் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

ஆண்டுக் கூட்டம்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய உற்சாகம், தனியாகப் போராடிக்கொண்டிருப்பவருக்குத் தன்னைப் போல இன்னும் பலர் உண்டு என்ற தெம்பு. புதியவர் மேடையில் படங்களைப் பார்த்துவிட்டு, ‘அவர்கள் காடு பெரியது’ என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புவார். மாநாடு நடத்தியே தீர வேண்டும் என்றால் அரங்கத்தில் நடத்தாமல் ஒரு பள்ளியின் காட்டிலேயே நடத்துங்கள், அந்தப் பள்ளியின் பிள்ளைகளே சுற்றிக் காட்டட்டும். இணையவழிக் கூட்டத்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன். மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

பக்கத்துப் பள்ளிக் குழு

என் ஓட்டு இதற்குத்தான். ஆறேழு பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடவே ஒரு வனத்துறை அலுவலரோ காட்டைத் தெரிந்த உள்ளூர்க்காரரோ. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, முறைவைத்து ஒவ்வொரு பள்ளியின் காட்டில் சந்திப்பு. ஸ்காட்லாந்தில் இப்படி ஆசிரியர்களும் வனக்காவலர்களும் சேர்ந்த உள்ளூர்க் குழுக்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன.

இங்கிலாந்தின் தென்மேற்கில் 2012 முதல் 2016 வரை பிளிமத் பல்கலைக்கழகம் நடத்திய ‘நேச்சுரல் கனெக்‌ஷன்ஸ்’ திட்டம் இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், அவருக்குக் கீழே சில வழிகாட்டிப் பள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மற்றப் பள்ளிகள் என்ற அமைப்பு. 125 பள்ளிகள், 40,000க்கும் அதிகமான மாணவர்கள். கற்றுத்தந்தது வெளியிலிருந்து வந்த நிபுணர் மட்டும் அல்ல. இதே பாடத்தை, இதே மாதிரிப் பிள்ளைகளுக்கு, போன மாதம் நடத்திய பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் கற்றுத்தந்தார். அவர் சொல்வதை நம்புவது எளிது. மழை வந்தால் என்ன செய்தீர்கள், கழிப்பறைக்கு எப்படி அனுப்பினீர்கள், பெற்றோர் அனுமதிப் படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்று அவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். இந்தச் சில்லறைக் கேள்விகள்தான் ஒரு வகுப்பு நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்கின்றன. மாநாட்டு மேடையில் இவற்றை யாரும் பேசுவதில்லை.

நான்கு தடைகளையும் இந்த வழி தொடுகிறது. ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் நின்று பார்த்துவிட்டு அடுத்த முறை தான் நடத்தும்போது பயம் போகிறது. ஒரு குழுவுக்கு ஒரு பெட்டி என்று அளவு நாடா, உருப்பெருக்கிக் கண்ணாடி, தார்ப்பாய் எல்லாம் வைத்துச் சுற்றுக்கு விட்டால் வசதிக் குறைவு சமாளிக்கப்படுகிறது. பாடத்திட்டத்துக்கும் வழி உண்டு. ஒவ்வொரு காட்டிலும் ஒரே அளவில் ஒரு சதுரம் குறித்து, அதிலுள்ள மரங்களின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் வருடா வருடம் அளந்துவைத்தால் போதும். சில வருடங்களில் கணக்கு ஆசிரியருக்குச் சராசரியும் வரைபடமும் சொல்லித்தர நிஜமான எண்கள் கையில் இருக்கும், பக்கத்துப் பள்ளியின் எண்களோடு ஒப்பிடவும் செய்யலாம். அப்புறம் அவரை யாரும் அழைக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. தெரியாதவர்கள் மட்டும் கூடினால், தவறாக அடையாளம் கண்ட மரத்தின் பெயரையே எல்லாப் பள்ளிகளும் பல வருடம் சொல்லிக்கொடுக்கும். அதனால்தான் காட்டைத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும் என்கிறேன். சந்திப்புக்குப் பள்ளி நேரத்தில் அனுமதி இல்லையென்றால், ஓய்வு நாளைத் தியாகம் செய்யத் தயாரான அதே ஆர்வலர்கள்தான் மிஞ்சுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, குழு மெல்ல மெல்ல ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கி, காலை வணக்கப் படங்களோடு முடிந்துபோவது. தேதி குறித்து, நினைவூட்டி, பெட்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கும் ஒருவர் இல்லாத குழுவுக்கு அதுதான் கதி. அந்த ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று பாடவேளையாவது குறைத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஊதியம் தர வேண்டும். நல்ல மனதை நம்பி மட்டும் இதை ஓட்ட முடியாது.

ஆகவே ஒரு வட்டாரத்துக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தால் நான் செலவிடும் வரிசை இது. முதலில் அந்த ஒருங்கிணைப்பாளரின் நேரம். அடுத்து, எல்லோரையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்த ஒரு பயிலரங்கு, அதன் கடைசி அரைமணி நேரத்தில் முதல் மூன்று சந்திப்புகளின் தேதியையும் இடத்தையும் முடிவுசெய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு, குழுவில் ஒருவருக்குச் சான்றிதழ்ப் படிப்பு. படித்தவர் மற்ற பள்ளிகளின் பாதுகாப்புத் திட்டத்தையும் பார்த்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. மாநாட்டுக்கு மிச்சமிருந்தால் பார்க்கலாம்.

பக்கத்தில் வேறு பள்ளியே இல்லாத தனிப் பள்ளிக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அங்கே ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேரை, முடிந்தால் வேறு வேறு பாடம் நடத்துபவர்களை, சேர்த்துப் பயிலரங்குக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் இருவருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையில் பொதுவாக ஒதுக்கிவிடுங்கள், இரண்டு வகுப்புகளும் அந்த நேரத்தில் சேர்ந்தே காட்டுக்குப் போகட்டும்.