அப்பாவுக்கு ஒரு கார்: நெல்லையில் புதுசா, பழசா?

சிங்கப்பூரில் இருப்பவன் கார் வாங்குவதைப் பற்றிப் பேசினால் ஊரில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அதில் நியாயம் உண்டு. சிங்கப்பூரில் காரைவிட, கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுக்குத்தான் விலை. சி.ஓ.இ. என்பார்கள். 2023 அக்டோபரில் சின்ன காருக்கே அது ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) தாண்டியது. அதுவும் 10 வருஷத்துக்குத்தான் செல்லும். எம்.ஆர்.டி. ரயிலும் பஸ்ஸுமாகவே என் காலம் ஓடுகிறது. ஆனாலும் இந்த லீவில் பாளையங்கோட்டைக்குப் போனபோது அப்பா அம்மாவுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு பண்ணியிருந்தேன். புதுசா, பழசா என்பது மட்டும் முடிவாகவில்லை. அந்த வேலையில் பார்த்ததை எழுதி வைத்தால், இதே மாதிரி லீவில் வந்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

கார் தேவையே இல்லை என்றுதான் கணக்கு சொன்னது. மாதம் ஒருமுறை கண் ஆஸ்பத்திரி, அம்மாவின் முட்டிக்கு டாக்டர், தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணம், எப்போதாவது திருச்செந்தூர். வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். கார் வாங்கும் பணத்தை டெபாசிட்டில் போட்டால் அதன் வட்டியிலேயே டாக்சி வைத்துக்கொள்ளலாம். ஆனால் டாக்சிக்குக் காசு கொடுக்க வேண்டுமே என்று அப்பா டாக்டர் தேதியைத் தள்ளிப்போடுகிறார். வாசலில் வண்டி நின்றால், கூலிக்கு வந்து நம் வண்டியை ஓட்டும் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் குணத்தைக் கணக்கில் சேர்த்தால் கார் வேண்டியதுதான்.

முதலில் புது வண்டி பார்க்கப் போனோம். வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கம் ஒரு ஷோரூம். கவனிப்பில் குறையே சொல்ல முடியாது. உட்கார வைத்து டீ கொடுத்தார்கள், மறுநாள் டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே அனுப்பினார்கள், அன்று சாயங்காலமே கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது, செஸ் என்ற மேல்வரியும் இல்லை. இதை அந்த ஷோரூம் தம்பி மூன்று தடவையாவது சொல்லியிருப்பான். சொல்ல வேண்டிய விஷயம்தான். பழசுக்கும் புதுசுக்கும் நடுவே இருந்த தூரத்தை அது நிஜமாகவே சுருக்கிவிட்டது.

சாலை வரியை மட்டும் அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றினார்கள். 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சத்துக்கு 13, 10 முதல் 20 லட்சத்துக்கு 18, அதற்கு மேல் 20. நாங்கள் பார்த்த வண்டி ஆறேகால் லட்சத்துச் சொச்சம் எக்ஸ் ஷோரூம், அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை. அதற்கு வரி மட்டும் 80,000 ரூபாயைத் தாண்டியது. இந்த வரியை முதல் ஓனர் ஒரே ஒரு தடவை கட்டுகிறார். அதே மாநிலத்துக்குள் இரண்டாவதாக வாங்குகிறவர் கட்ட வேண்டியதில்லை. பழைய வண்டியில் நமக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரிய பங்கு இதுதான்.

கொட்டேஷனின் கீழ்ப் பாதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தது. எதற்கு என்று கேட்டேன். அடுத்த கொட்டேஷனில் காணாமல் போனது. மேட், மட்பிளாப், சீட் கவர் எல்லாம் சேர்ந்த ‘கிட்’ கட்டாயம் என்றார்கள். வேண்டாம் என்றதும் கட்டாயம் இல்லை என்றார்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. வெளியில் விலை கேட்டுக் காட்டியதும் அவர்களும் இறங்கி வந்தார்கள். புது காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு) எடுத்தே ஆக வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அதுதான் விதி. அந்தத் தொகையில் பேரம் இல்லை, நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான் எல்லாம். கடைசியில் எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலை ஏழரை லட்சத்தில் வந்து நின்றது.

வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடப்போகிற வண்டிக்கு ஏழரை லட்சம் என்பது எனக்கு உறுத்தியது. சரி, பழசையும் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

பழைய கார் விற்கும் இடத்தை நம் ஊரில் கன்சல்டிங் என்பார்கள். தகரக் கொட்டகைக்குக் கீழே வரிசையாகப் பளபளவென்று நிற்கும் வண்டிகள். “சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி.” அடுத்ததும் டாக்டர் வண்டி. நாங்கள் பார்த்த எல்லாவற்றையும் சேர்த்தால் நெல்லையில் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் அதிகம். இன்னொன்றையும் கவனித்தேன்: பி.ஒய். (புதுச்சேரி), கே.ஏ. (கர்நாடகா), டி.எல். (டெல்லி) என்று வெளிமாநில நம்பர்களுக்குக் குறைவில்லை. அதே மாடல், அதே வருஷம், விலை மட்டும் குறைவு. அந்தக் குறைவு நம் கைக்கு வருவதில்லை. வெளிமாநில வண்டிக்கு அங்கே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். லீவில் வந்தவனுக்கு இது ஆகிற காரியமில்லை. டெல்லியில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு அங்கிருந்து தெற்கே வந்த வண்டிகளும் உண்டு. அவற்றை நான் தொடவே இல்லை.

எங்கள் தெருவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட அழைத்துப் போயிருந்தேன். ஒரு நாள் கூலி கொடுத்தேன். இந்தப் பயணத்தில் நான் செலவழித்ததில் இதுதான் உருப்படியான காசு. அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. முதலில் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தார். கடைசி ஒன்றரை அடியில் செம்மண் கோடு. அப்புறம் முன் சீட்டைத் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தை விரலால் தடவினார்: துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் வண்டல்.

“தம்பி, இது குளிச்ச வண்டி.”

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் வெள்ளத்தில் நின்றது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையும் மூழ்கியது. அப்படி மூழ்கிய வண்டிகளில் பலவற்றை இன்சூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று எழுதி, காயலான் விலைக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவர் கழுவி, உலர்த்தி, சென்ட் அடித்து நிறுத்தினால் வெளிப்பார்வைக்குப் புத்தம் புதுசு. வயரிங்கும் ஏர்பேக் கம்ப்யூட்டரும் எப்போது கைவிரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023க்கு முந்தைய மாடலை நம் பக்கத்தில் வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. கன்சல்டிங்காரரிடம் கேட்டேன். “மழையில நனையாத வண்டி எது சார்?” என்றார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இன்னொரு வண்டியில் மீட்டர் 28,000 காட்டியது. பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2018 வண்டியில் நான்கு டயரும் 2023இல் தயாரானவை. 28,000 கிலோமீட்டருக்குள் நான்கு டயரையும் யார் மாற்றுவார்கள்? அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார். நாங்களும் பின்னால் நடந்தோம்.

அதற்குப் பிறகு சல்லடையைச் சின்னதாக்கிக்கொண்டோம். டி.என். 72 என்ற நெல்லை நம்பர் மட்டும், நேரடி ஓனரிடம் மட்டும், கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு உள்ளது மட்டும். தனியாளிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. வியாபாரி விற்றாலும் அவர் லாபத்தின் மேல்தான் 18 சதவீதம், முழு விலைக்கு இல்லை. யாராவது முழு விலைக்குப் போட்டுக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். பெருமாள்புரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் 2019 வேகன் ஆர், பெட்ரோல், 34,000 கிலோமீட்டர். சர்வீஸ் ரெக்கார்டும் மீட்டரும் பொருந்தின. காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். சூடான எஞ்சின் எந்தக் கோளாறையும் மறைத்துவிடும் என்பது அண்ணாச்சி பாடம். பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் தடம் இல்லை, அதாவது கழற்றி மாட்டியதில்லை. 4 லட்சத்து 10 ஆயிரத்துக்கு முடித்தோம். பேட்டரி, இரண்டு டயர், ரப்பர் ஹோஸ்கள் என்று மேலே 25,000 செலவு. ஹோஸை மாற்றச் சொன்னது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்காக. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது அதுதான், 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பல அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல.

எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் பதிவு இருக்கிறதா, இன்சூரன்ஸ் கரண்டில் இருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடுகிறது. நல்ல வசதி. அதில்தான் சிக்கலும் தெரிந்தது. ஆசிரியர் கடனை என்றோ அடைத்துவிட்டார், ஆனால் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் பேங்க் பெயர் அப்படியே நின்றது. அந்தக் கடன் பதிவை நீக்க, அதாவது ஹெச்.பி. கேன்சல் பண்ண, பேங்க் கடிதமும் படிவம் 35உம் வேண்டும். பேங்க் கொடுத்த பழைய கடிதம் தொலைந்துவிட்டது. கிளைக்குப் போனால் கடன் பிரிவு மதுரையில் என்றார்கள். மதுரைக்கு மெயில் போட்டால் கிளையைப் பாருங்கள் என்று பதில். என் லீவில் ஒரு நல்ல பகுதி இந்தப் பந்தாட்டத்தில் போனது. இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காமல் இருந்ததில் ஆசிரியருக்கும் வருத்தமில்லை; அவரும் கூடவே அலைந்தார்.

பெயர் மாற்றம் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். ஆனால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை ஆசிரியரிடம் சொன்னதும் எங்களைவிட அவர் வேகமாகிவிட்டார். ஆன்லைன் விண்ணப்பம் சுலபம்தான், ஓ.டி.பி. வரும் வரைக்கும். அப்பாவின் ஆதாரில் இருந்தது எப்போதோ கைவிட்ட நம்பர். முதலில் அதை மாற்றி, அப்புறம் இதற்கு வந்தோம். பெற்றோர் பெயரில் எதை வாங்குவதானாலும் விமானம் ஏறும் முன்பே இதைச் சரிபார்க்கச் சொல்லிவிடுங்கள். ஆர்.டி.ஓ. வாசலில் நின்ற புரோக்கர் “நாங்க இல்லாம முடியாது” என்றார். முடிந்தது, ஒரு நடை கூடுதலாகப் போனோம், அவ்வளவுதான். ஆர்.சி.யைக் கையில் தருவதில்லை. 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தபாலில்தான். அது வந்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் நம் வண்டிக்கு அடிபட்டால் ஒன்றும் கிடைக்காது. இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும். ஃபாஸ்டேக்கை அவர் மூட, நாம் புதிதாக எடுக்க வேண்டும்.

என் தம்பிக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. அவன் இன்னும் புது வண்டிக் கட்சி. வேலை மிச்சம் என்கிறான்: ஷோரூமில் கையெழுத்துப் போட்டால் வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் அவர்களே முடித்து, எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைக் கொடுத்திருப்பார்கள். மூன்று லட்சத்தை மிச்சம் பண்ண லீவையெல்லாம் செலவழித்தாய் என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, அந்த மூன்று லட்சத்தில் ஆக்டிங் டிரைவர் கூலியும் பெட்ரோலும் பல வருஷம் ஓடும். ஆனால் அவன் இன்னொன்றும் சொல்கிறான்: 2025இலிருந்து வேகன் ஆரில் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வருகிறது, அப்பாவின் வண்டியில் முன்னால் இரண்டுதான். இதற்குப் பதில் இல்லை. டவுனுக்குள்ளும் திருச்செந்தூருக்கும் கார், மதுரைக்கு மேலே என்றால் ரயில் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பின் சீட்டிலும் பெல்ட் போடச் சொல்லியிருக்கிறேன். அம்மா போடுகிறாள். அப்பா, புடவை மாதிரி கசங்காத சட்டையா என்னுடையது என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, கயத்தாறு டோல் தாண்டிய பிறகுதான் போடுகிறாராம்.