பொரித்ததா, ஏர் ஃபிரையரில் வாட்டியதா, வேகவைத்ததா?

100 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 87 கலோரி இருக்கிறது. அதே எடையுள்ள ஃபிரெஞ்ச் ஃபிரைஸில் அது 310 கலோரியை எட்டுகிறது. இந்த இடைவெளி முழுவதையும் எண்ணெயின் கணக்கில் எழுதுவது சரியாகாது. பொரிக்கும்போது கிழங்கிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறிவிடுவதால், 100 கிராம் ஃபிரைஸுக்குள் இருமடங்குக் கிழங்கு அடங்கியிருக்கிறது. மாவுச்சத்து 20 கிராமிலிருந்து 41 கிராமாக உயர்வதும், பொட்டாசியம் எடைக்கு எடை கூடுதலாகவே இருப்பதும் இதனால்தான். கொழுப்பு மட்டுமே முற்றிலும் வெளியிலிருந்து வந்தது: வேகவைத்ததில் 0.1 கிராம், பொரித்ததில் ஏறத்தாழ 15 கிராம்.

அந்த எண்ணெய் உள்ளே புகும் விதம் கவனிக்கத்தக்கது. வாணலியில் துண்டுகள் சலசலக்கும்வரை, வெளியே பாயும் நீராவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளிருக்கும் ஆவி சுருங்க, மேற்பரப்பில் ஒட்டியிருந்த எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. ஆகவே, எடுத்த கணமே நன்றாக உதறி வடிகட்டுவதும், மேற்பரப்பு குறையும்படி தடிமனாக நறுக்குவதும் உண்மையிலேயே பயன் தருபவை.

சூடான காற்றில் வாட்டும் ஏர் ஃபிரையர், பொரித்ததற்கும் வேகவைத்ததற்கும் நடுவில் நிற்கிறது. உறையவைத்த பாக்கெட் துண்டுகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே ஒருமுறை பொரிக்கப்பட்டவை என்றாலும், மேற்கொண்டு எண்ணெய் சேர்க்காமல் வாட்டினால் கொழுப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மொறுமொறுப்பை விட முடியாதவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

வயிறு நிறைவதில் வேகவைத்த கிழங்குக்கு இணையில்லை. 1995-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்து 38 உணவுகளை ஒப்பிட்டபோது, வேகவைத்த கிழங்கு 323 பெற்று முதலிடத்தில் நின்றது. ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் 116-இல் நின்றுவிட்டது. அன்றாட உணவுக்கு வேகவைத்ததே உகந்தது என்று நான் கருதுவதற்கு, கலோரியைவிட இதுவே வலுவான காரணம். ஃபிரைஸ் எப்போதாவது ஒரு சிறு கிண்ணம், காய்கறியும் புரதமும் உள்ள உணவோடு பக்கத்துணையாக வரலாம். காய்கறிக்குரிய இடத்தை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் விஷயத்தில் மட்டும் ஏர் ஃபிரையருக்கு முழு விலக்கு இல்லை. 120 டிகிரி செல்சியசுக்கு மேல், கிழங்கிலுள்ள சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் வினைபுரிந்து உண்டாகும் இந்தப் பொருள், எண்ணெய் இல்லாத சூட்டிலும் உருவாகும். நீரில் வேகும் கிழங்கில் அந்தக் கவலை இல்லை. பொரித்தாலும் வாட்டினாலும், பழுப்பேறும் முன் பொன்னிறத்திலேயே எடுத்துவிட வேண்டும். பச்சைக் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அதில் சர்க்கரை கூடிவிடும் என்பதால், பொரிக்கவும் வாட்டவும், பெட்டிக்கு வெளியே இருட்டான இடத்தில் வைத்த கிழங்கே ஏற்றது.